வாழைமர நோட்டு

கொல்லிமலைக்குப் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் காரவள்ளியில் பஸ் மலையேறத் தொடங்கியதும் கண்டக்டர் தரும் அந்த அலட்சியமான பார்வை ஞாபகம் இருக்கும். 'யார் யார் வாந்தி எடுக்கப்போறீங்க?' என்கிற பார்வை அது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள். முதல் இருபது வளைவு வரை மூங்கிலையும் பள்ளத்தாக்கையும் ரசித்துக்கொண்டிருப்பவர்கள், முப்பதைத் தாண்டியதும் கையில் வைத்திருக்கும் எலுமிச்சம்பழத்தை மட்டும் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

2004ஆம் வருடம் ஆடி மாதம். வல்வில் ஓரி விழா நேரம். செம்மேட்டில் ஓரி சிலைக்கு மாலை, கலைநிகழ்ச்சி, அறப்பளீஸ்வரர் கோயிலில் கூட்டம், சோளக்காட்டுச் சந்தையில் அன்னாசியும் பலாவும் மலை மலையாக. நான் போனது இது எதற்காகவும் இல்லை. ஒரு டப்பாவுக்காக.

எனக்கு நோட்டு சேர்க்கும் வியாதி உண்டு. பணம் சேர்ப்பது இல்லை, அந்தக் கொடுப்பினை எனக்குக் கிடையாது. செல்லாத நோட்டு சேர்ப்பது. அதிலும் குறிப்பாக, யுத்த காலத்தில் அவசர அவசரமாக அடித்து, யுத்தம் முடிந்ததும் குப்பைக்குப் போன நோட்டுகள்.

இந்தப் பைத்தியம் சேலத்தில் ஒரு நாணயக் கண்காட்சியில் ஆரம்பித்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு துண்டுக் காகிதத்தைக் காட்டி, 'ஸ்பெயின் சார், உள்நாட்டுப் போர்' என்றார் கடைக்காரர். 1936இல் அங்கே போர் வெடித்தபோது ஜனங்கள் வெள்ளிக் காசையெல்லாம் பதுக்கிவிட்டார்கள். ரொட்டி வாங்கினால் சில்லறை கிடையாது. அதனால் குடியரசின் பக்கம் இருந்த ஊர்களெல்லாம் ஆளாளுக்கு நோட்டு அடித்துக்கொண்டன. நம் ஊர் பஞ்சாயத்து ஆபீஸ் ரூபாய் நோட்டு அடித்தால் எப்படி இருக்கும்? அப்படி. அடுத்த ஊரில் அது செல்லாது. 1938இல் இன்னும் ஒரு படி போய், வட்டமாக வெட்டிய அட்டையில் தபால்தலையை ஒட்டி, அதையே காசு என்றார்கள். 1939இல் ஃபிராங்கோ ஜெயித்தார். குடியரசு போர்க்காலத்தில் அடித்த பணம் எதுவும் செல்லாது என்று ஆகிவிட்டது. தோற்ற பக்கத்தில் குடியிருந்தவனின் சேமிப்பு, ஒரே நாளில் காகிதம்.

அந்தத் துண்டுக் காகிதத்தை நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கினேன். அன்று வீட்டில் நடந்ததை எழுத வேண்டாம், உங்களுக்கே தெரியும்.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமை முறையை விடமாட்டோம் என்று பிரிந்துபோன தென் மாநிலங்கள் அடித்த நோட்டில் ஒரு வேடிக்கை உண்டு. 'சமாதான உடன்படிக்கை உறுதியாகி ஆறு மாதம் கழித்து இந்தத் தொகை தரப்படும்' என்று அதிலேயே அச்சடித்திருப்பார்கள். போகப்போக ஆறு மாதம் இரண்டு வருடம் ஆனது. கடைசியில் உடன்படிக்கையே வரவில்லை. தோற்றவர்களோடு யார் உடன்படிக்கை போடுவார்கள்? அந்தக் கடனை எவரும் அடைக்கக் கூடாது என்று 1868இல் அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

இலங்கையில் அத்தனை வருடம் போர் நடந்ததே, அங்கே அப்படி எதுவும் இல்லையா என்று கேட்பீர்கள். புலிகள் 1994இல் தமிழீழ வைப்பகம் என்று வங்கியே நடத்தினார்கள். ஆனாலும் தனியாக நோட்டு அடிக்கவில்லை. கொழும்பு அடித்த ரூபாய்தான் வன்னியிலும் புழங்கியது. இலங்கையின் அவசர நோட்டு அதற்கும் முந்தைய யுத்தத்தைச் சேர்ந்தது. 1942இல் வந்த ஐந்து சென்ட் நோட்டில் தபால்தலை போல நடுவில் ஓட்டை போட்டிருக்கும். கிழித்தால் ஒரு பக்கம் இரண்டு சென்ட், மறு பக்கம் மூன்று சென்ட். கிழிக்காத நோட்டுக்கு நான் இன்னும் அலைந்துகொண்டிருக்கிறேன்.

சரி, டப்பாவுக்கு வருகிறேன்.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் நண்பர் ஒருவர்தான் தகவல் சொன்னார். அவரிடம் வேலை பார்த்த பையனின் வீட்டில், செம்மேட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு பழைய மைலோ டப்பா நிறைய 'சீமை நோட்டு' இருக்கிறதாம். மழை தூறிக்கொண்டிருந்தது. மிளகுக் கொடி சுற்றிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஓட்டு வீடு. எழுபது வயது அம்மா ஒருவர் வெளியே வந்தார்.

"வாங்க தம்பி, உக்காருங்க. டீத்தண்ணி வெக்கட்டுங்களா?"

அவர்கள் மலைவாசி ஜனம் இல்லை. கீழே, அடிவாரத்துக் கிராமம். அந்தக் காலத்தில் சேலம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து மலேயா ரப்பர் தோட்டத்துக்கு ஊர் ஊராகப் போனார்கள் இல்லையா, அப்படிப் போன குடும்பம். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் சின்னப் பையனாக அப்பா அம்மாவோடும் அண்ணனோடும் போனவர். 1947இல் ரஜூலா கப்பலில் திரும்பி வந்தபோது அவர் மட்டும்தான். ஊரில் நிலம் இல்லை, சொந்தம் ஒட்டவில்லை. மலைமேல் ஒரு காப்பித் தோட்டத்தில் மேஸ்திரி வேலை கிடைத்து ஏறியவர், அப்புறம் இறங்கவே இல்லை. 1981இல் காலமாகிவிட்டார்.

டப்பாவைத் திறந்தார். ஏலக்காய் வாசனை. உள்ளே துணியில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டி...

பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. வாழைமர நோட்டு. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்த பிறகு மலேயாவில் ஜப்பான்காரர்கள் புழக்கத்தில் விட்டது. பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் குலை தள்ளியிருக்கும், அதனால் அந்தப் பெயர். பின்பக்கம் கடலும், தூரத்தில் ஒரு கப்பலும். 'கேட்டவுடன் கொடுப்போம்' என்று ஜப்பானிய அரசாங்கத்தின் பெயரில் ஆங்கிலத்தில் வாக்குறுதி. ஆரம்பத்தில் வந்தவற்றில் வரிசை எண் இருந்தது. பிறகு அதையும் விட்டுவிட்டார்கள். எம் என்ற எழுத்தில் தொடங்கும் குறியீடு மட்டும். எண்ணே இல்லாத நோட்டை எவ்வளவு அடித்தாலும் யார் கேட்பது? விலைவாசி ஏறிக்கொண்டே போக, கட்டுக்கட்டாக அடித்துத் தள்ளினார்கள். 1945 செப்டம்பரில் வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். ஜப்பான் நோட்டு செல்லாது என்றான். முடிந்தது.

"எங்க ஊட்டுக்காரரு சயாமுக்கு ரயில் ரோடு போடப் போயி சம்பாரிச்சதுங்க இது. நாளுக்கு ஒரு வெள்ளின்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனானுங்களாம். சாகற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாரு, ஜப்பான்காரன் ஒரு நாளைக்குக் குடுத்துருவான், தொலைச்சுராதேன்னு."

எண்ணினோம். பத்து வெள்ளி 41, ஐந்து வெள்ளி 14, ஒரு வெள்ளி 9. மொத்தம் 64 நோட்டு, 489 வெள்ளி.

"இத மாத்த முடியுங்களா தம்பி? நீங்க படிச்சவங்க."

இனி நான் சொல்லப்போவதை இருபது வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. "மாத்த முடியாதும்மா. வெறும் காகிதம்" என்றேன்.

பொய் இல்லை, பாருங்கள். பாங்கில் மாற்ற முடியாதுதான். ஆனால் அன்றைக்குக் கண்காட்சிக் கடைகளில் ஒரு நோட்டு நாற்பது ரூபாய் வரை போகும் என்று எனக்குத் தெரியும். கணக்கு மனசுக்குள் ஓடியது. இரண்டாயிரத்து ஐந்நூறு. "ஆசைக்கு நான் வெச்சுக்கறேன்" என்று ஐந்நூறு ரூபாய் எடுத்து நீட்டினேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் டப்பாவையே பார்த்தார். கூரையில் ஓடு மாற்ற வேண்டியிருந்தது, வாங்கிக்கொண்டார். நான் கிளம்பும்போது ஒரு சீப்பு மலைவாழைப்பழம் வேறு கொடுத்தனுப்பினார். "நோட்டுல இருக்கற வாழை நம்மூர் வாழை இல்லீங்க, இதச் சாப்பிட்டுப் பாருங்க."

489 வெள்ளிக்கு 500 ரூபாய். ஒரு நாள் உழைப்புக்கு ஒரு ரூபாய் சொச்சம். அந்த வகுத்தலை நான் அன்றைக்குப் போடவில்லை. எழுபது வளைவும் சந்தோஷமாக இறங்கினேன்.

அடுத்தது இன்னும் மோசம். நோட்டு சேர்ப்பவர்களுக்குத் தரம் என்று ஒன்று உண்டு. மடிப்பு, அழுக்கு, கிழிசல், கறை, எழுத்து. இவை இல்லாவிட்டால் விலை கூடும். வீட்டில் டேபிள் லைட்டைப் போட்டுப் பார்த்தபோது, பத்தொன்பது நோட்டுகளின் பின்பக்க ஓரத்தில் பென்சில் கிறுக்கல் இருந்தது. மங்கிப்போன, பொடிப்பொடியான எழுத்து. யாரோ மளிகைக் கணக்கு எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ரப்பரை எடுத்தேன். காகிதம் நோகாமல், ஒரே திசையில், மெதுவாக. இதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கு ஒரு பெருமை. பதினோரு நோட்டு சுத்தமாயிற்று. பன்னிரண்டாவதில் ஒரு வார்த்தை கொஞ்சம் அழுத்தமாக இருந்ததால் லென்ஸை வைத்துப் பார்த்தேன்.

'பேதி.'

அதற்கு முன்னால் ஒரு ஆள் பெயர். பின்னால், ஆனி 14 என்று ஒரு தேதி.

அடுத்த நோட்டு. ஒரு பெயர், 'சுரம்', ஆடி 3. அடுத்தது. பெயர், மறுபடியும் பேதி...

சயாம் மரண ரயில் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். காட்டை வெட்டி, பாறையை உடைத்து, மழையில் காலரா வந்து கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். யுத்தக் கைதிகளான வெள்ளைக்காரர்கள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் இறந்தார்கள். காஞ்சனபுரியில் உள்ள பெரிய மயானத்தில் மட்டும் ஏறக்குறைய ஏழாயிரம் பேருக்குக் கல்லறை. புல்வெளி, பூச்செடி, பெயர் பொறித்த வரிசையான பட்டயங்கள். மலேயாத் தோட்டங்களிலிருந்து கூட்டிப்போன தமிழர்கள், மலாய்க்காரர்கள், பர்மாக்காரர்கள், இவர்களில் செத்தவர்கள் அதைப்போலப் பல மடங்கு. அவர்களுக்கு ஏடு இல்லை, பட்டியல் இல்லை.

ஒருத்தன் மட்டும் தன்னோடு வேலை செய்து செத்தவர்களின் பெயரை, கையில் இருந்த ஒரே காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறான். கூலியாகக் கொடுத்த நோட்டில். அதில் பதினொன்றை நான் ரப்பர் வைத்து அழித்திருக்கிறேன்.

உடனே மலைக்கு ஓடினேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஓடவில்லை. போனால் என்ன விலைக்கு வாங்கினேன், என்ன விலைக்கு விற்றேன் என்று பேச்சு வரும். ஆம், விற்கவும் செய்தேன். பென்சில் இல்லாத நோட்டுகளோடு சேர்த்து, நான் சுத்தம் செய்தவற்றில் ஏழும் சேலம், ஈரோடு, கோயமுத்தூர் கண்காட்சிகளில் வேறு வேறு கைகளுக்குப் போயின. முப்பது நோட்டு போக மீதியை ஒரு கவரில் போட்டு பீரோவில் வைத்தேன். அடுத்த ஆடிக்குப் போகலாம், தை பிறக்கட்டும், பையன் கல்யாணம் முடியட்டும்... இப்படியே பத்தொன்பது வருடம். நடுவில் 2016 நவம்பரில் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. பாங்க் வாசலில் வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் ஒரு பாட்டி முந்தானையைப் பிரித்து, "இத மாத்திருவாங்களா கண்ணு?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் செருப்பைக் குனிந்து பார்த்தேன். அவருக்கு என்ன தெரியும், பாவம்.

2023இல் காஞ்சனபுரியில் சயாம் ரயில் பாதையில் இறந்த தமிழர்களுக்காக ஒரு நடுகல் வைத்தார்கள். அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்த வாரம், கவரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மலை மாறியிருந்தது. வளைவுக்கு வளைவு செல்ஃபி. செம்மேட்டில் லாட்ஜுகள். ஓட்டு வீட்டின் முன்பக்கம் கான்கிரீட் ஏறி, 'ரூம் வாடகைக்கு' என்ற போர்டு. அந்த அம்மா 2011இலேயே இறந்துவிட்டாராம். மூத்த மகள் இருந்தார், அவருக்கே அறுபத்தைந்துக்கு மேல். கூடவே அவர் மகன், முப்பது வயது இருக்கும்.

வாசற்படியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஐந்நூறு கொடுத்தது, நாற்பது நாற்பதாக விற்றது, ரப்பர். விற்ற காசு இது என்று ஒரு கவரை நீட்டினேன். என்னென்னவோ வசனங்களை எதிர்பார்த்துப் போயிருந்தேன். அந்த அம்மா கவரை வாங்கி, ரூபாயை நிதானமாக எண்ணிப் பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டார். அது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? 'பரவாயில்லீங்க' என்று அவர் சொல்லியிருந்தால் இறங்கும்போது வளைவில் குதித்திருப்பேன்.

எழுத்து இருக்கும் எட்டு நோட்டுகளை மேஜைமேல் வைத்தேன். பையன் ஒவ்வொன்றாக உரக்கப் படித்தான். ஐந்தாவது நோட்டில் அந்த அம்மா, "நில்லு, நில்லு. அத மறுக்காப் படி" என்றார்.

படித்தான். பெயர். பக்கத்தில் அண்ணன் என்று ஒரு சொல். பேதி. ஆவணி 22.

"எங்க பெரியப்பன்டா இது."

வீட்டுக்குள் ஒரு விளக்கு மாடம் இருந்தது. ஊர் திரும்பாத அந்த அண்ணனுக்கு, செத்த நாள் தெரியாததால், ஆடி அமாவாசை அன்றைக்குத்தான் இத்தனை வருடமாகப் படையல் போட்டு வந்திருக்கிறார்கள். 'ஏம்ப்பா, நாள் தெரியாதா' என்று கேட்டால் அவர் அப்பா எழுந்து வெளியே போய்விடுவாராம். நாள் டப்பாவுக்குள் இருந்திருக்கிறது. தெரிந்துகொண்டே ஏன் சொல்லவில்லை என்று மகள் திரும்பத் திரும்பக் கேட்டார். எங்களில் யாரிடமும் பதில் இல்லை.

"மத்த பேருங்க எல்லாம் அடிவாரத்து ஆளுங்களாத்தான் இருக்கும் சார்" என்றான் பையன். "ஒரே ஊர்க்காரங்கதான் ஒண்ணா இருந்தாங்கன்னு ஆயா சொல்லும். அவங்க ஊட்டுலயும் நாள் தெரியாமத்தான இருப்பாங்க? அந்த அழிச்ச நோட்டு எதாவது இருக்குங்களா?"

நாலு மீதி இருந்தன. வெட்கத்தோடு எடுத்து வைத்தேன். வெள்ளையாக இருந்தது ஓரம். அவ்வளவு சுத்தமான வேலை.

பையன் ஒன்றை எடுத்து ஜன்னல் பக்கம் காட்டினான். ஒன்றும் இல்லை. அப்புறம் ஜன்னலைச் சாத்திவிட்டு, செல்போன் டார்ச்சைப் போட்டு, நோட்டோடு ஒட்டி, பக்கவாட்டில் படுக்கப் பிடித்தான். பென்சில் போய்விட்டாலும் அழுத்தி எழுதிய பள்ளம் காகிதத்தில் அப்படியே இருந்தது. வெளிச்சம் சாய்ந்ததும் பள்ளத்தில் நிழல் விழுந்தது. ஒரு 'மு'. பக்கத்தில் 'த்'. அவன் அம்மா மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டும் வரை உட்கார்ந்து நாலில் மூன்றைப் படித்துவிட்டோம். தேதியோடு. நாலாவதில் 'சுரம்' மட்டும் தெரிகிறது, ஆள் யாரென்று பிடிபடவில்லை. மூன்று பெயரையும் எடுத்துக்கொண்டு, அடுத்த ஞாயிறு அடிவாரத்துக்குப் போய் விசாரிப்பதாகச் சொன்னான். ஒன்றுக்கு வீடு கிடைத்துவிட்டதாகப் போன மாதம் போன் செய்தான்.

வெளியே போன ஏழு நோட்டு பாக்கி இருக்கிறது. 2004, 2005 வாக்கில் சேலத்திலோ ஈரோட்டிலோ கோவையிலோ நீங்கள், அல்லது உங்கள் வீட்டில் யாராவது, ஜப்பான் காலத்துப் பத்து வெள்ளி நோட்டு வாங்கியிருந்தால், ஆல்பத்திலிருந்து அதை ஒரு நிமிஷம் வெளியே எடுங்கள். பின்பக்கம், கப்பல் படம் இருக்கும் பக்கம். அறையை இருட்டாக்கிவிட்டு, டார்ச்சை நோட்டின் மட்டத்துக்குச் சாய்த்து, இடது ஓரத்திலிருந்து மெதுவாக நகர்த்திப் பாருங்கள். எழுத்து மாதிரி ஏதாவது தெரிந்தால் இந்தப் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள். நோட்டு வேண்டாம், அது உங்களுடையது. பெயரும் தேதியும் போதும்.